தராசுத் தட்டில் மிச்சமிருந்த மருந்து

எல்மா ரவுத்தியோ மிஞ்சிப்போனால் ஐந்தடி இருப்பாள். ஹெம்லாக் க்ரீக் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சமையல் வேலை. நூற்று நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துகிற சாப்பாட்டுக் கூடத்தில் அவள் ஒரு தரம் குரல் கொடுத்தால் போதும், தலைமையாசிரியர் முதற்கொண்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தட்டைப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்கு ஊரில் பயம் உண்டு, அவள் கைக்கு மரியாதை உண்டு. மரியாதை சமையலுக்காக இல்லை. அவளுடைய உருளைக்கிழங்கு சூப்பைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாகக் கேள்வியே இல்லை. தோட்டாவுக்காகத்தான்.

அமெரிக்காவின் வடகோடியில், சுபீரியர் ஏரிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் மான் வேட்டை என்றால் அடியிலிருக்கும் லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றுகிற லீவர் துப்பாக்கி, லீவர் துப்பாக்கி என்றால் தேர்ட்டி-தேர்ட்டி தோட்டா. அடர்ந்த காட்டில் நூறு கஜத்துக்கு மேல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல் சுடுகிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுட்ட பித்தளைக் கூடுகளை யாரும் எறிய மாட்டார்கள். காப்பித் தகரத்தில் போட்டு எல்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அவள் நிலவறையில் தோட்டா அழுத்தும் பிரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்து, கூட்டின் அடியில் முதல் பொறி கொடுக்கிற பழைய கேப்பைத் தட்டிவிட்டுப் புதியது பதித்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்டி, மேலே ஈயக்குண்டை வைத்து அழுத்தித் தருவாள். மூக்கு மழுங்கிய குண்டு மட்டும்தான். லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும். கூர்மூக்குக் குண்டைப் போட்டால் அது முன்னால் இருப்பதன் கேப்பைக் குத்திவிடும். ஒருமுறை யாரோ ஒருவன் கூர்மூக்கு கேட்டு வந்தான். அவன் கொண்டுவந்த தகரத்தை அவன் தலையிலேயே கவிழ்க்காத குறையாக அனுப்பிவைத்தாள்.

முதலில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன் அவள் புருஷன் சுலோ. மரம் வெட்டும் வேலையில் ஒரு பைன் மரம் அவன் இடுப்பில் விழுந்தது. இடுப்பு கோணலாகச் சேர்ந்தது, கையில் நடுக்கம் வந்தது. நடுங்குகிற கையால் மருந்து நிறுக்க முடியாது. அந்த வருஷம் எல்மா உட்கார்ந்தாள். சூப்புக்கு உப்புப் போடத் தெரியாதவள் தோட்டாவுக்கு மருந்து போடுகிறாளாம் என்று சிரித்தார்கள். பத்தொன்பது வருஷம் ஆயிற்று. ஒரு தோட்டாகூட வெடிக்காமல் போனதில்லை. சிரித்தவர்களும் தகரத்தோடு வந்து நின்றார்கள்.

அவளுக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. மேசையை விட்டு எழுந்தால் தராசின் மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துவிடுவாள். வீட்டில் பூனை இருக்கிறது, நிலவறையில் காற்றும் வரும். இன்னொன்று, எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு தோட்டாவையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே மருந்து சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் தோட்டா பெட்டிக்குள் போகும்.

எழுபத்து நாலாம் வருஷம் நவம்பர் பதினாலாம் தேதி சாயங்காலம், மறுநாள் வேட்டை திறக்கிறது என்ற அவசரத்தில், அவள் தன் தம்பி ஆர்விடுக்கு இருபது தோட்டா செய்துகொண்டிருந்தாள். ஆர்விட் அவளுக்கு இரண்டு வயது இளையவன், மரம் அறுக்கும் ஆலையில் முப்பது வருஷம் நின்றவன். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காது பாதி. செவிடனுக்கே உரிய கொடுமையாக அவனுக்கு டெலிபோன் என்றால் உயிர். அன்று மட்டும் மூன்று தரம் கூப்பிட்டான். தயாரா? தயாரா? மூன்றாவது தரம் மணி அடித்தபோது எல்மா கடைசித் தோட்டாவில் இருந்தாள். மேலே ஓடிப்போய், இதோ ஆகிவிட்டது, வந்து தொலை என்று கத்திவிட்டு இறங்கினாள். மிச்சத்தை முடித்துப் பெட்டியில் அடுக்குவதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. ஆர்விட் உள்ளே வரக்கூட இல்லை. பெட்டியை வாங்கி, வழக்கம்போல இருபதையும் கோட்டுப் பையில் கொட்டிக்கொண்டு, வெறும் பெட்டியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, மத்தியானச் சமையலுக்கு உருளைக்கிழங்கு எடுக்க எல்மா நிலவறைக்கு இறங்கினாள். வேட்டை திறக்கும் நாள் என்பதால் பள்ளிக்கூடம் இல்லை. போகிற போக்கில் மேசையைத் துடைத்து வைக்கலாம் என்று மரப்பெட்டியைத் தூக்கினாள்.

தராசுத் தட்டில் மருந்து இருந்தது. ஒரு தோட்டாவுக்கு வேண்டியது, சரியாக நிறுத்தது, முள் நேராக நின்றது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசிக் கூட்டுக்கு மருந்தை நிறுத்திருக்கிறாள், கொட்டுவதற்குள் மணி அடித்திருக்கிறது, பெட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தபோது தட்டு கண்ணில் படவில்லை. கூடு பிரஸ்ஸில் நின்றது. குண்டை வைத்து அழுத்திவிட்டாள். ஆட்டிப் பார்க்கவும் இல்லை. ஆர்விடின் பையிலிருக்கும் இருபதில் ஒன்றில் கேப்பு மட்டும்தான் இருக்கிறது, மருந்து இல்லை.

மருந்தில்லாத தோட்டா சுடவில்லை என்றால் மான் தப்பித்தது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கேப்பு மட்டும் வெடித்தால் குண்டு வெளியே போகாது, குழலுக்குள் நாலு விரற்கடை போய் இறுகி நின்றுவிடும். அடுத்த தோட்டா அதன் மேல் மோதும். குழல் வெடித்துச் சுடுகிறவன் முகத்துக்கே வரும். நிதானமானவன் என்றால் சத்தம் குறைந்ததைக் கேட்டு நிறுத்திவிடுவான். ஆர்விட் நிதானமானவன் இல்லை. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே லீவரை அடித்து அடுத்ததைச் சுடுவான். அவனுடைய இரண்டு வெடி ஒரு வெடியாகக் கேட்கும் என்பது எங்கள் பக்கத்தில் பிரசித்தம். போதாததற்குக் காது வேறு இல்லை.

எல்மா படியேறி வந்தபோது சுலோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஆர்விட் எங்க உக்காருவான் இந்த வருஷம்?" என்று கேட்டாள்.

"அதே எடம்தான். சேற்றுக்காட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டுல. எதுக்கு?"

சொன்னாள். சுலோ எழுந்தான். தன் சிவப்புக் கட்டம்போட்ட வேட்டைக் கோட்டை எடுத்து அவள் தோளில் போட்டான். அன்றைக்குக் காட்டில் பழுப்பு நிறத்தில் அசைகிற எதற்கும் உத்தரவாதம் கிடையாது.

வண்டியை எல்மாதான் ஓட்டினாள், சுலோ தன் துப்பாக்கியோடு பக்கத்தில் உட்கார்ந்தான். ஏழே கால் மணிக்கு மரம் இழுக்கும் பாதை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆர்விடின் வண்டி அங்கே நின்றது, கண்ணாடியில் பனி கட்டியிருந்தது. அங்கிருந்து சேற்றுக்காடு வழியாக ஒன்றரை மைல். சுலோவின் இடுப்பை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை. ஏழரைக்கு வேட்டை திறக்கும்.

"எட்டு மணிக்குள்ள நான் வரலன்னா ஏதாவது பண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். என்ன பண்ணுவது என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

திறக்கிற நாள் விடியலில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கும் காட்டுக்குள் நடப்பது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். மானையெல்லாம் கலைத்துவிட்டாள் என்று பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். எல்மாவே எத்தனையோ பேரை அப்படிச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். இன்று அதைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை. தேவதாரு மரங்களுக்கு நடுவில் கணுக்கால் பனியில் நடந்தாள், நடக்க முடிந்த இடத்தில் ஓடினாள். ஐம்பத்து நாலு வயது. மூச்சு இரைத்தது.

ஏழரைக்கு முதல் வெடி கேட்டது. தூரத்தில், ஏரிப் பக்கம். பிறகு இரண்டு மூன்று. எதுவும் ஆர்விடுடையது இல்லை. பத்து நிமிஷம் கழித்து மேட்டுப் பக்கமிருந்தே கேட்டது. இரண்டு வெடி, ஒட்டினாற்போல. எல்மா நின்றுவிட்டாள். இரண்டும் முழுச் சத்தம், இரண்டிலும் மருந்து இருந்தது. கடவுளே என்று சத்தமாகவே சொன்னாள். அப்புறம்தான் உறைத்தது, இன்னும் பதினெட்டு இருக்கிறது. அதோடு, அந்தத் தோட்டா வெடித்தால் இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவும் கேட்காது. அதற்குப் பிறகு வந்த அமைதி வெடியைவிட மோசமாக இருந்தது.

குறுக்கே போனால் கால் மைல் மிச்சம் என்று சேற்றின் மேல் படிந்திருந்த மெல்லிய பனிக்கட்டியில் கால் வைத்தாள். உடைந்தது. முழங்கால் வரை உள்ளே போயிற்று. காலை இழுத்தபோது கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. குப்புறப் படுத்துக் கையை விட்டு அதைப் பிடுங்கினாள். உள்ளே சேறு நிறைந்திருந்தது. மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் ஈரக் கம்பளிக் காலுறையோடு ஓடினாள்.

ஓடும்போது ஆர்விட் மேல் கோபம் கோபமாக வந்தது. எத்தனை தரம் கூப்பிடுவான் ஒரு மனுஷன்? பிறகு தன் மேல் வந்தது. பத்தொன்பது வருஷம் பத்தொன்பது வருஷம் என்று எத்தனை தரம் பீற்றிக்கொண்டிருப்பாள். ஒரு பூனைக்காகக் கவிழ்த்த பெட்டி. அவள் அழுதுகொண்டே ஓடினாள் என்பதுதான் உண்மை.

மேட்டின் அடிவாரத்தில் மரங்கள் விலகியபோது ஆர்விட் தெரிந்தான். அறுபது கஜம் இருக்கும். வெட்டிப் போட்ட ஒரு மரத்தில் இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தொப்பியின் காதுமடல்களை இழுத்துக் கட்டியிருந்தான். முழுசாக இருந்தான். எல்மாவுக்கு உயிர் திரும்பியது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால், பாதைப் பக்கமிருந்து, மூன்று வெடி கேட்டது. சமமான இடைவெளி விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று.

சுலோ. மணி எட்டு ஆகியிருந்தது. அவனுக்குத் தெரிந்த ஏதாவதை அவன் பண்ணிவிட்டான்.

எங்கள் காட்டில் மூன்று வெடி என்றால் ஒருவன் வழி தப்பியிருக்கிறான், அல்லது அடிபட்டிருக்கிறான். கேட்டவன் வானத்தைப் பார்த்து ஒரு வெடி பதில் சுட வேண்டும். அந்தப் பதில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வழி தப்பியவன் வந்து சேருவான். எல்மா, ஆர்விட் இருவரின் அப்பா ஒரு பனிப்புயலில் இரண்டு நாள் அலைந்து, முகம் தெரியாத யாரோ சுட்ட ஒரே ஒரு பதில் வெடியால் பிழைத்து வந்தவர். சாகிற வரைக்கும் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்விட் தன் கல்யாண நாளில்கூட, தூரத்தில் மூன்று வெடி கேட்டு, மோதிரம் போட்ட கையோடு போய்ப் பதில் சுட்டுவிட்டு வந்தவன். சுலோவுக்கு இது தெரியும். மூன்று சுட்டால் மச்சான் எழுந்து பாதைக்கு வந்துவிடுவான், மானைச் சுட மாட்டான் என்று நினைத்திருக்கிறான். வருவதற்கு முன்னால் பதில் சுடுவான் என்பதை நினைக்கவில்லை.

அந்த அரைச் செவிடனுக்கும் மூன்று வெடி கேட்டுவிட்டது. எழுந்தான். துப்பாக்கியை வானத்துக்கு நீட்டினான்.

"டேய் ஆர்விட்!"

சாப்பாட்டுக் கூடத்தையே அடக்குகிற குரல் மூச்சு இரைப்பில் பாதிக்கு மேல் வெளியே வரவில்லை. அவன் விசையை அழுத்தினான். டப்பென்று ஒரு சின்னச் சத்தம், ஈரப் பட்டாசு போல. அவ்வளவுதான்.

பதினெட்டில் ஒன்று. அதுவேதான்.

ஆர்விட் துப்பாக்கியை ஒரு தரம் முறைத்துப் பார்த்தான். இந்தச் சனியன் வெடிக்கவில்லை என்று அவன் நினைத்தது அவன் முதுகிலேயே தெரிந்தது. லீவர் இறங்கியது, ஏறியது. வெற்றுக் கூடு பனியில் விழுந்தது. காட்டில் யாரோ தவிக்கிறான், பதில் போகவில்லை. திரும்பவும் துப்பாக்கியைத் தூக்கினான்.

ஓடிக்கொண்டே வந்த எல்மா இப்போது இருபது கஜத்தில் இருந்தாள். போய்ப் பிடிக்க நேரமில்லை. கையில் சேறு நிறைந்த பூட்ஸ் இருந்தது. முதலில் அவன் முதுகைக் குறிபார்த்தவள் அந்த நொடியிலும் நிதானித்தாள். விசையில் விரல் வைத்திருக்கிறவன் முதுகில் அடித்தால் அந்த அதிர்ச்சியிலேயே விரல் அழுந்திவிடும். பிள்ளைப் பருவத்தில் பனி உருண்டை எறிந்து அவன் தொப்பியைத் தட்டிய கைதான். உயரத் தூக்கி, அவன் தலைக்கு மேலே, முன்பக்கமாக எறிந்தாள்.

வானத்திலிருந்து ஒரு பூட்ஸ் ஆர்விடின் கண்ணெதிரே வந்து, சேற்றைக் கொட்டிக்கொண்டு பனியில் விழுந்தது.

அவன் அதைப் பார்த்தான். விரலை எடுத்தான். துப்பாக்கியை மெல்ல இறக்கினான். பிறகு திரும்பினான். புருஷனுடைய சிவப்புக் கோட்டில், ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல், முகமெல்லாம் சேறும் கண்ணீருமாக அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"எல்மா? நீயா வழி தப்பின?"

"சுடாத" என்றாள். "சுடாத, சுடாத, சுடாத."

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான். லீவரை இறக்கி உள்ளிருந்த தோட்டாவை எடுத்துவிட்டு, அடியில் இருந்ததையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளினான். எல்மா ஒரு புதர்க்கொம்பை ஒடித்து, சிறுகிளை நீக்கி, குழலின் வாய் வழியாக உள்ளே விட்டாள். போய்க்கொண்டே இருந்தது. பிறகு டக்கென்று நின்றது. வெளியே எடுத்து, துப்பாக்கியின் மேல் வைத்துக் காட்டினாள். பின்முனைக்கு ஒரு சாண் முன்னாலேயே கொம்பு நின்றிருந்தது. அங்கே குண்டு இருந்தது. ஆர்விட் தன் கன்னம் பதிகிற இடத்துக்கும் கொம்பின் நுனிக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கையால் அளந்து பார்த்தான். வெட்டுமரத்தில் உட்கார்ந்தான்.

எல்மா எல்லாவற்றையும் அவனுடைய வலது காதில் சொன்னாள். தட்டு, பெட்டி, ஆட்டிப் பார்க்காதது. அவன் மூன்று தரம் கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல நினைத்துத்தான் ஓடி வந்தாள், இப்போது சொல்ல மனசு வரவில்லை. இனிமேல் நான் மருந்தைத் தொட மாட்டேன், பிரஸ்ஸை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்றாள்.

ஆர்விட் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி அவளுடைய ஈரக் காலில் மாட்டினான். பிறகு பனியில் கிடந்த வெற்றுக் கூட்டைத் தேடி எடுத்து, ஊதித் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"இதுக்கு மருந்து போட்டுக் குடு" என்றான். "இந்தத் தடவ நான் போன்ல கூப்பிட மாட்டேன்."

அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்மா அவன் தோளில் முகத்தை வைத்து, பள்ளிக்கூடமே கேட்கும்படி அழுதாள். காலையில் அவன் சுட்ட இரண்டும் குறி தப்பியவை, அதன் பிறகு அந்த வருஷம் அந்த மேட்டில் ஒரு மான்கூட வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதை ஆர்விட் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. பாதைக்கு வந்ததும் சுலோ, நான் சுட்டது நல்லதாகப் போயிற்றல்லவா என்று கேட்டான். இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். வண்டியில் போகும்போது எல்மா அவனுக்கு விளக்கினாள்.

அந்தக் கூட்டுக்கு எல்மா மருந்து போட்டாள். மூன்று நாள் கழித்து, தராசின் மேல் கவிழ்ப்பதற்குப் பழைய கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்த பிறகு. மருந்து நிறுக்கும் சாயங்காலங்களில் டெலிபோன் ரிசீவரை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் நிலவறைக்கு இறங்குவாள். எங்கள் பக்கத்தில் அப்போது ஆறு வீட்டுக்கு ஒரே லைன். ஒரு வீட்டில் ரிசீவரை எடுத்து வைத்தால் ஆறு வீட்டிலும் போன் செத்துவிடும். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் அடிதடி நடந்திருக்கும்.

போனை எடுத்துக் காதில் வைப்பார்கள். டயல் சத்தம் இருக்காது. சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு, எல்மா நிறுக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். ஆர்விட் மட்டும் பதினோரு மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, ஹாரன் அடிக்காமல் இறங்கி, சமையலறையில் சுலோவுக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பான். அவள் கீழிருந்து வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.